ஸ்பீக்கரில் ‘ஸ்ஸ்’, ‘ம்ம்’: வீட்டு ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நாலு விநாடி இடைவெளி வருமே, பெரும்பாலோர் இதைக் கவனிப்பது அப்போதுதான். ஸ்பீக்கரிலிருந்து மெல்ல ஏதோ வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் பாட்டை விட்டுவிட்டு மனம் அதையே தேடும். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘ஸ்ஸ்’ என்பதும் ‘ம்ம்’ என்பதும் ஒரே கோளாறா?

இரண்டும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் பழுது தேடினால் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான்.

‘ஸ்ஸ்’ என்று ட்வீட்டரில், அதாவது கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரில், வருவது இரைச்சல். மின்சாதனங்களுக்குள் எலெக்ட்ரான்கள் இயல்பாகவே அலைபாய்வதால் பிறப்பது. எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கும். கேள்வியெல்லாம் எவ்வளவு என்பதுதான். ‘ம்ம்’ என்று ஊஃபரில், அதாவது ஆழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரில், வருவது ஹம்மிங். கரண்ட் லைனின் அலை எப்படியோ பாட்டுக்குள் கலந்துவிட்டது என்று அர்த்தம். இரைச்சலை ஓரளவுக்குக் குறைக்கலாம், மிச்சத்தோடு வாழலாம். ஹம்மிங்குக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

ஹம்மிங்கிலும் இரண்டு வகை உண்டு. மழமழவென்று ஆழமாக வந்தால் அது 50 ஹெர்ட்ஸ், லைன் அலையே நேராக நுழைகிறது. கொஞ்சம் கரடுமுரடாக, வண்டு பறப்பதுபோல் ‘ஸ்ர்ர்’ சேர்ந்து வந்தால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஆம்ப்ளிஃபயருக்குள் மின்சாரம் தரும் பகுதியை, அதாவது பவர் சப்ளையை, சந்தேகப்பட வேண்டும். லைன் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் நாடுகளில் இவை 60, 120 ஆகும். காதால் பிரிக்க முடியவில்லையா? ஒலி அலைவரிசை காட்டும் ஆப் ஒன்றை மொபைலில் போட்டு ஊஃபரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் முள் எழும்புகிறது என்று தெரிந்துவிடும்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

வால்யூம் திருகிலிருந்து. வீட்டில் இருப்பதிலேயே நல்ல சோதனைக் கருவி அதுதான், காசும் இல்லை.

பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கூட்டிக் குறையுங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால், அது வால்யூம் திருகுக்கு முன்னால் நுழைகிறது: பாட்டு தரும் கருவி, கேபிள், கிரவுண்ட் (எர்த்) இணைப்பு. திருகினாலும் சத்தம் அசையவே இல்லையென்றால், திருகுக்குப் பின்னால்: ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் பகுதி, பவர் சப்ளை. இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பெட்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

அடுத்தது, வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஆம்ப்பின் பின்னால் மாட்டியிருக்கும் எல்லாக் கேபிளையும் கழற்றுங்கள். ஸ்பீக்கரும் பவர் கார்டும் மட்டும் இருக்கட்டும். வால்யூமை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். அமைதியாக இருந்தால் ஆம்ப் குற்றவாளி இல்லை. மறுபடி வால்யூமைக் குறைத்து, ஒவ்வொரு கேபிளாக மாட்டுங்கள்; ஒன்றை மாட்டியதும் திருகைக் கூட்டிக் கேளுங்கள், குறைத்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள். எந்தக் கேபிள் மாட்டியதும் ‘ம்ம்’ கிளம்புகிறதோ அங்கே நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆர்சிஏ பிளக்கை (நடுவில் ஊசியும் சுற்றி வளையமும் உள்ள சாதாரண ஆடியோ பிளக்) மாட்டும்போது நடு ஊசி முதலில் தொட்டு, வெளி வளையம் பிறகுதான் தொடும். அந்தக் கணத்தில் ஸ்பீக்கர் ‘பர்ர்’ என்று கத்தும். வால்யூம் ஏறியிருந்தால் ட்வீட்டர் போய்விடவும் கூடும்.

சத்தம் ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறதா? இடது, வலது கேபிள்களை ஆம்ப் முனையில் மாற்றி மாட்டுங்கள். சத்தம் பக்கம் மாறினால் கேபிளோ அதற்கு முன்னால் உள்ள கருவியோ காரணம். மாறாவிட்டால் ஆம்ப்போ ஸ்பீக்கரோ.

ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால் ‘ஸ்ஸ்’ கேட்கிறது. பழுதா?

இல்லை. உட்கார்ந்து கேட்கும் இடத்தில் கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

எந்த மின்தடையும் சும்மா இருக்கும்போதே இரைச்சல் போடும். வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் ஆடுவதே காரணம். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார். அங்கேயே இருந்த நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார். இரண்டு கட்டுரைகளும் 1928இல் வந்தன. மின்தடை பெரிதாக ஆக இரைச்சலும் கூடும். அறை வெப்பத்தில் ஒரு 10 கிலோஓம் மின்தடை, 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஏறக்குறைய 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். விலை உயர்ந்த மின்தடைக்கும் இந்தத் தொகையில் தள்ளுபடி கிடையாது. பழைய கார்பன் காம்பொசிஷன் வகை, கரண்ட் ஓடும்போது இதற்கு மேலும் சேர்த்துப் போடும். அதனால்தான் இப்போது மெட்டல் ஃபிலிம் வகையைப் போடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சாதாரண வால்யூம் திருகும் ஒரு மின்தடைதான். பாட்டின் மின்னழுத்தம் சரியாகப் பாதியாகும் நிலையில் அது தரும் இரைச்சல் உச்சத்துக்குப் போகும். முழுதாகக் கூட்டினால் அந்தப் பங்கு குறைந்துவிடும். சில ஆம்ப்களில் முக்கால் திருகில் ‘ஸ்ஸ்’ கூடி, கடைசியில் கொஞ்சம் அடங்குவதைக் கேட்டு ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கெடவில்லை, திருகு அப்படித்தான்.

விவரத்தாளில் இரைச்சல் பாட்டைவிட 100 டெசிபல் கீழே என்று போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் கேட்கிறது?

ஏனென்றால் அந்த எண், ஆம்ப் முழு சக்தியில் கத்தும்போது வரும் அளவோடு ஒப்பிட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஓமில் 100 வாட் என்றால் ஸ்பீக்கர் முனையில் 28.3 வோல்ட். அதிலிருந்து 100 டெசிபல் கீழே என்றால் 0.28 மில்லிவோல்ட். இந்த இரைச்சல், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஸ்பீக்கரில் நின்றுகொண்டே இருக்கும்.

இப்போது ஸ்பீக்கரைப் பாருங்கள். 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் தருகிற சாதாரண ஸ்பீக்கர் என்றால், அந்த 0.28 மில்லிவோல்ட் ஒரு மீட்டர் தள்ளி 8 டெசிபல்தான். நடுராத்திரியிலும் கேட்காது. காதை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 26 டெசிபல் கூடும், 34 ஆகிவிடும். அப்போது கேட்கத்தான் செய்யும். அதே ஆம்ப்பை 104 டெசிபல் தரும் ஹார்ன் ஸ்பீக்கரில் மாட்டினால் ஒரு மீட்டரிலேயே 24 டெசிபல். அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். ஆம்ப் மாறவில்லை, ஸ்பீக்கர்தான் மாறியது. புது ஸ்பீக்கர் வாங்கிய மறுநாள் ‘என் ஆம்ப் திடீரென்று இரைய ஆரம்பித்துவிட்டது’ என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. விவரத்தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏ-வெயிட்டட்’ என்று சின்ன எழுத்தில் இருந்தால், காதின் உணர்திறனுக்கேற்ப எடை போட்டு அளந்திருக்கிறார்கள். அந்த எடைபோடுதலில் 50 ஹெர்ட்ஸ் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடப்படும். ஹம்மிங் போடும் ஆம்ப்கூட அந்த எண்ணில் நல்லபிள்ளையாகத் தெரியும்.

சரி, உட்காரும் இடத்திலேயே ‘ஸ்ஸ்’ கேட்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஒலி அளவைப் பங்கிடும் முறையைச் சரிபாருங்கள். மொபைலிலோ கணினியிலோ வால்யூமைக் கால்வாசி வைத்துவிட்டு ஆம்ப்பை முக்கால்வாசி திருகுகிறவர்கள் ஏராளம். அப்படி வைத்தால் பாட்டு சிறியதாக உள்ளே போகிறது, ஆம்ப் பாட்டையும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. தலைகீழாக வையுங்கள்: கருவியில் முழுசாகவோ அதற்குச் சற்றுக் கீழாகவோ, ஆம்ப்பில் தேவைக்கு மட்டும். பாதிப் பேருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

பவர் ஆம்ப் தனி, அதற்கு முன்னால் வால்யூம் திருகோடு நிற்கும் ப்ரீ-ஆம்ப் தனி என்று வைத்திருப்பவர்கள் இன்னொன்று செய்யலாம். பவர் ஆம்ப்கள் வழக்கமாக 26 முதல் 29 டெசிபல் வரை, அதாவது 20 முதல் 28 மடங்கு பெருக்கும். வீட்டில் அவ்வளவு தேவைப்படுவதே இல்லை. அதன் நுழைவாயிலில் 10 டெசிபல் குறைக்கும் சிறிய அட்டென்யுவேட்டரைச் செருகினால் ப்ரீ-ஆம்ப்பின் இரைச்சலும் 10 டெசிபல் குறையும். பவர் ஆம்ப்பின் சொந்த இரைச்சல் குறையாது. எது யாருடையது என்று முதலில் ப்ரீ-ஆம்ப் கேபிளைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள்ளேயே ஆம்ப் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கரை மேசையில் முகத்துக்கு நேரே வைத்திருப்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். தூரத்தைக் கூட்டுங்கள். முடியாவிட்டால் பழகிக்கொள்ளுங்கள்.

கிரவுண்ட் லூப் என்கிறார்களே, அது என்ன?

ஹம்மிங் புகார்களில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இதுதான்.

இரண்டு கருவிகள், இரண்டுக்கும் மூன்று பின் பிளக். இரண்டின் உடலும் சுவர் வழியாக எர்த்தில் சேர்கின்றன. அப்புறம் நடுவே ஒரு ஆடியோ கேபிள் போடுகிறீர்கள். அதன் வெளிவலை, அதாவது உள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை, இரண்டு உடல்களையும் மறுபடி இணைக்கிறது. ஆக ஒரு வளையம் உருவாகிவிட்டது. இரண்டு எர்த் புள்ளிகளும் துல்லியமாக ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் வெளிவலை வழியாகக் கரண்ட்டை ஓட்டும். ஆர்சிஏ கேபிளில் பாட்டுக்கும் அதே வெளிவலைதான் திரும்பும் பாதை என்பதால், அங்கே விழும் மின்னழுத்தத்தை ஆம்ப் பாட்டென்று நினைத்துப் பெருக்குகிறது. சிடி பிளேயரின் உச்ச அளவு 2 வோல்ட். ஒரே ஒரு மில்லிவோல்ட் ஹம் கலந்தாலும் அது 66 டெசிபல்தான் கீழே. மெல்லிய பாட்டின் நடுவே அது தாராளமாகக் கேட்கும்.

என் வீட்டு சப்ஊஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) மூன்று மாதம் உறுமியது. கேபிளை இரண்டு தடவை மாற்றினேன். ஆம்ப்பை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்; அவர் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சர் (கெபாசிட்டர்) போய்விட்டது என்று இரண்டையும் மாற்றி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே ‘ம்ம்’. ஒரு நாள் டிவி மேசையைத் துடைக்க நகர்த்தியபோது செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் டிவி ஒயர் கழன்று விழுந்தது. சப்ஊஃபர் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் வெளிவலை வேறெங்கோ எர்த் ஆகியிருந்தது. டிவி, ஆம்ப், சப்ஊஃபர் என்று வளையம் வீடு முழுக்கச் சுற்றியிருந்தது. அதிலிருந்து யார் வந்து ஹம்மிங் என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘டிவி ஒயரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?’

தீர்வுகள், நான் முயலும் வரிசையில்: எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டுங்கள், எர்த் வித்தியாசம் குறையும். டிவி ஒயரில்தான் பிரச்சினை என்றால் அதற்கான ஐசொலேட்டர் போடுங்கள், அது சிக்னலை விட்டு கிரவுண்ட் தொடர்பை மட்டும் அறுக்கும். டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போக வழி இருந்தால் அதையே போடுங்கள்; ஒளியில் கரண்ட் ஓடாது, வளையம் அறுந்துவிடும். எதுவும் முடியாவிட்டால் ஆர்சிஏ கேபிளுக்கு நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். மலிவான டிரான்ஸ்ஃபார்மர் ஆழ்ந்த பேஸை விழுங்கும் என்பதால் இதைக் கடைசியில் வைக்கிறேன். இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி ஆடியோ பிளக்) இருந்தால் பாக்கியசாலி நீங்கள். அதில் பாட்டு இரண்டு ஒயரில் தனியாகப் போவதால் வெளிவலையில் ஓடும் கரண்ட் பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம்மிங் நின்றுவிடுகிறதே?

நிற்கும். செய்யாதீர்கள்.

எர்த் ஒயர் அங்கே இருப்பது பாட்டுக்காக இல்லை. உள்ளே லைன் ஒயர் கழன்று உடலில் பட்டால், எர்த் வழியாகப் பெரிய கரண்ட் ஓடி ஃபியூஸோ பிரேக்கரோ விழும். எர்த் இல்லையென்றால் எதுவும் விழாது. ஆம்ப்பின் உடல் லைன் மின்னழுத்தத்தோடு அமைதியாக நிற்கும், யாராவது தொடும்வரை. ஆர்சிஏ கேபிளின் வெளிவலை அதை மற்ற கருவிகளின் உடலுக்கும் கொண்டுபோகும். அதனால் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. வளையத்தை ஆடியோ கேபிள் பக்கத்தில் அறுக்கலாம், எர்த் பக்கத்தில் கூடாது.

லேப்டாப்பை மாட்டினால் மட்டும் ஸ்பீக்கரில் ‘கிர்ர்’ வருகிறது. மவுஸை நகர்த்தினால் அதுவும் நகர்கிறது!

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் லேப்டாப் கிரவுண்டில் சார்ஜர் கொண்டுவரும் குப்பைதான் அது. மவுஸோடு சேர்ந்து மாறும் சத்தம், உள்ளே ப்ராசஸர் இழுக்கும் கரண்ட் மாறுவதன் எதிரொலி.

ஹெட்ஃபோன் ஜாக்குக்குப் பதில் ஆப்டிகல் உள்ள வெளி டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் பெட்டி, DAC) வைத்துக்கொள்ளலாம், அல்லது யூஎஸ்பி ஐசொலேட்டர் போடலாம். புளூடூத்தும் வளையத்தை அறுத்துவிடும். ஆனால் புளூடூத் ரிசீவரை அதே ஸ்ட்ரிப்பில் செருகிய சாதாரண மொபைல் சார்ஜரில் ஓட்டினால் சார்ஜரின் குப்பை திரும்ப வர வாய்ப்பு உண்டு. அதைப் பவர் பேங்கில் ஓட்டிச் சோதியுங்கள்.

டர்ன்டேபிளில் மட்டும் ஹம்மிங்.

இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள், ஹம்முக்கு மிகவும் வசதியான இடம். ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜில் எம்எம் (காந்தம் அசையும் வகை) தருவது 5 மில்லிவோல்ட் அளவில். சிடி பிளேயரின் உச்சத்தோடு பார்த்தால் 400இல் ஒரு பங்கு. எம்சி (சுருள் அசையும் வகை) என்றால் அதிலும் பத்தில் ஒன்று. அதோடு இசைத்தட்டுக்கான ஆர்ஐஏஏ சரிப்படுத்தல் பேஸைத் தூக்குகிறது. 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் 17 டெசிபல், அதாவது 7 மடங்கு அதிகம் பெருக்கப்படும். ஹம்முக்குச் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி.

ஆர்சிஏ கேபிளோடு கூட வரும் மெல்லிய தனி ஒயரை ஆம்ப்பின் பின்னால் உள்ள கிரவுண்ட் திருகில் மாட்டினீர்களா? முதலில் அதைப் பாருங்கள். மாட்டியும் நிற்கவில்லையென்றால் ஒரு தடவை கழற்றியும் பாருங்கள், சில அமைப்புகளில் அதுவே வளையமாகிவிடும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் உலோகத்தைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் அங்கே கிரவுண்ட் அறுந்திருக்கிறது. ஆர்ம் தட்டின் நடுப்பக்கம் நகர நகர ‘ம்ம்’ கூடினால், கார்ட்ரிட்ஜ் மோட்டாரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே இருந்தாலும் இப்படித்தான்; டர்ன்டேபிளை அரை மீட்டர் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

வால்யூம் பூஜ்ஜியத்திலும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவு ஹம்மிங். ஆம்ப்புக்கு வயது இருபதுக்கு மேல்.

இதில்தான் அந்த மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கும். பவர் சப்ளையில் நிற்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குள் ஈரமான திரவம் உண்டு. சூட்டில் வருஷக்கணக்கில் நின்றால் அது காய்ந்துபோகும். அப்புறம் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் அலையை அவற்றால் மட்டம்தட்ட முடியாது. தலை உப்பியிருந்தாலோ அடியில் கறை படிந்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம். வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கலாம், மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். மாற்றும்போது வோல்டேஜ் பழையதற்குக் குறையக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இவற்றில் சார்ஜ் நிற்கும், ஆகவே பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, பெட்டியே உறுமுகிறது.

டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரும்பு ஒவ்வொரு அலைக்கும் இரண்டு தடவை நுண்ணளவில் நீண்டு சுருங்கும், அதனால் 50 ஹெர்ட்ஸ் லைனில் 100 ஹெர்ட்ஸ் உறுமல். திருகு தளர்ந்திருந்தால் முடுக்கிவிடலாம். நாளின் சில நேரங்களில் மட்டும் உறுமினால் லைனில் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) கலந்திருக்கக்கூடும். வட்ட வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மருக்கு இது ஆகவே ஆகாது. பாதி வேகத்தில் ஓடும் ஹேர் டிரையர் போன்றவை டையோடு வழியாக அரை அலையை மட்டும் இழுத்து இப்படிச் செய்யும். அதற்கென்று டிசி பிளாக்கர் கிடைக்கிறது.

வால்வு ஆம்ப் என்றால் ஹம் இருக்கத்தான் செய்யுமா?

கொஞ்சம் இருக்கும். வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் ஏசி கொடுக்கும் வடிவமைப்புகளில் அந்த அலை கொஞ்சம் கசியும். அதைச் சமன்செய்யச் சில ஆம்ப்களில் சிறிய திருகு வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் இரைந்தால் அணைத்து, ஆறவிட்டு, இரு பக்கத்துச் சிறு வால்வுகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். சத்தமும் கூடவே போனால் அந்த வால்வுதான். உள்ளே கை வைக்காதீர்கள். 300 வோல்ட்டுக்கு மேல் அங்கே சாதாரணம்.

மொபைல் பக்கத்தில் இருந்தால் ‘டக-டக-டக’.

பழைய 2ஜி போன்கள் விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்பும். ஆம்ப்பின் நுழைவுப் பகுதி அதைப் பிடித்து ஒலியாக்கிவிடும். போனை ஒரு மீட்டர் நகர்த்தி வையுங்கள்.

திருகைத் திருகும்போது மட்டும் ‘கரகர’.

தூசு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் திருகுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் திருகையே மாற்ற வேண்டும்.

பவர் கண்டிஷனரோ, விலை உயர்ந்த பவர் கேபிளோ வாங்கலாமா?

டிம்மர், எல்இடி டிரைவர் போன்றவை லைனில் தள்ளும் ‘ஸ்ர்ர்’ மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால், ஃபில்டர் கொஞ்சம் உதவலாம். விளக்கை அணைத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். கிரவுண்ட் லூப்புக்கு உதவாது. தடித்த பவர் கேபிள் எதற்கும் உதவி நான் பார்த்ததில்லை.

ஹம்மிங்கை ஒருவழியாக நிறுத்திவிட்டேன். இப்போது முன்பு இல்லாத ‘ஸ்ஸ்’ கேட்கிறது!

முன்பும் இருந்தது. ‘ம்ம்’ அதை மறைத்திருந்தது, அல்லது உங்கள் கவனம் முழுக்க அதன் மேலேயே இருந்தது. வால்யூம் பங்கீட்டை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே கேட்கவில்லையென்றால், தயவுசெய்து எழுந்துபோய் ட்வீட்டரில் காதை வைக்காதீர்கள்.